நகரும் சுவர்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் கையில் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தை யார், எப்படிக் கணக்குக் கேட்பது என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கிவிட்டேன்.

கே: ஃபேஸ்புக் ஒரு சுவர்தானே? சுவரில் அசிங்கமாக எழுதியவனை விட்டுவிட்டு, சுவர் கட்டியவரைப் பிடிப்பது என்ன நியாயம்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

சுவர் நின்ற இடத்தில் நிற்கும். இது நகரும் சுவர். எதைப் பார்த்தால் உங்களுக்கு ரத்தம் கொதிக்குமோ அதைத் தேடி எடுத்து, காலைக் காபிக்கு முன்பே உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். 2017-ல் கோபமுகப் பொம்மைக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பெண் வைத்தார்கள். ஊரைக் கோபப்படுத்திய பதிவு மேலே ஏறியது. அப்படி ஏறும் பதிவுகளில் பொய்யும் வசவும் அதிகம் என்று 2019-ல் நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டு சொன்னார்கள். 2020-ல் அந்த மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கினார்கள். பொய் குறைந்தது. ஃபேஸ்புக்கில் மக்களின் நடமாட்டம் குறையவில்லை.

எழுதியவன் மேல் வழக்குப் போடுங்கள், தாராளமாக. ஆனால் எதை மேலே ஏற்றுவது என்று மதிப்பெண் போட்டது அவன் அல்ல. நான் கணக்குக் கேட்பது அந்த மதிப்பெண்ணுக்கு.

கே: மெட்டாவின் தலைவர் மார்க் ஜக்கர்பெர்க் நல்லவரா, கெட்டவரா?
(வாசகர், விருதுநகர்)

அது அவர் வீட்டாருக்குரிய கேள்வி. தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் நமக்குரிய கேள்வி.

கே: அதுதான் 500 கோடி டாலர் அபராதம் போட்டுவிட்டார்களே, இன்னும் என்ன?
(ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பயனாளர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்குப் போன விவகாரத்துக்காக 2019 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்டது அது. அந்த ஆண்டு நிறுவனத்தின் வருமானம் 7,000 கோடி டாலருக்கு மேல். அபராதம் ஒரு மாத வசூலைக்கூடத் தொடவில்லை. ஏப்ரல் மாதமே 300 கோடி டாலரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள், நாம் தீபாவளிக்குச் சீட்டுக் கட்டுவதுபோல. அபராதச் செய்தி கசிந்த அன்று பங்கு விலை ஏறியது. 'இவ்வளவுதானா!' என்று சந்தை மூச்சுவிட்ட சத்தம் அது.

அந்த விவகாரத்தில் நம் நாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. விவரங்கள் போனது ஒரு கருத்துக்கணிப்புச் செயலி வழியாக. அதை இந்தியாவில் இறக்கியவர்கள் வெறும் 335 பேர். அவர்கள் வழியாக விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர். நிறுவனமே ஒப்புக்கொண்ட எண்கள் இவை. உலகம் முழுவதும் 8.7 கோடி. நண்பன் ஒருவன் விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்தினால் என் வீட்டுக் கதவு திறந்துகொள்ளும்படி வடிவமைத்தது யார்? அபராதம் கட்டியாயிற்று. அந்தக் கதவை அப்படி வைத்தவர்களில் ஒருவருக்கும் நாற்காலி போகவில்லை.

கே: பங்குதாரர்கள் கூட்டத்தில் ஜக்கர்பெர்க்கை இறக்க முடியாதா?
(ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்)

முடியாது ஐயா. அவரிடம் இருக்கும் பங்குகளுக்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு. நிறுவனத்தில் அவர் பங்கு ஏறக்குறைய 13 சதவீதம். வாக்குகளிலோ பாதிக்கு மேல். மற்றவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து கை தூக்கினாலும் தீர்மானம் தோற்கும்.

கே: 2018-இல் திகனவில் கடைகள் எரிந்தபோது நான் கண்டியில் படித்துக்கொண்டிருந்தேன். ஃபேஸ்புக் பின்னாளில் மன்னிப்புக் கேட்டதாமே? அந்த மன்னிப்பை என்ன செய்வது?
(ஆசிரியை, மட்டக்களப்பு)

டீச்சர், நடந்ததை இங்குள்ளவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறியில் ஏதோ கட்டி கிடந்தது. மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கிறார்கள் என்று புரளி. கும்பல் கடையை அடித்து நொறுக்கியது, காணொளி பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரசுப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்குள் மார்ச் மாதம் வந்துவிட்டது. தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறி ஓட்டுநர் இறந்ததும், திகனவிலும் கண்டியைச் சுற்றியும் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கியது.

கொழும்பில் இருக்கும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 முதலே சிங்கள வெறுப்புப் பக்கங்களைத் தொகுத்து ஆய்வறிக்கை வெளியிட்டுவந்தது. நான்கு ஆண்டு முன்னறிவிப்பு! மன்னிப்பு வந்தது 2020 மே மாதம், வெளியார் ஒருவரைக் கொண்டு செய்த மனித உரிமை மதிப்பீட்டுக்குப் பிறகு.

மியன்மாரிலும் இதே வரிசைதான். ராய்ட்டர்ஸ் கண்டறிந்தபடி 2015 தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்த பதிவுப் பரிசோதகர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். 2017-ல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதில் சமூக ஊடகத்துக்குத் தீர்மானமான பங்கு உண்டு என்று ஐ.நா. உண்மையறியும் குழுவின் தலைவர் மார்சுகி தாருஸ்மான் 2018 மார்ச்சில் சொன்னார். போதிய அளவு செய்யவில்லை என்று நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டது.

மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது குற்ற ஒப்புதல் என்பதால் ஒருநாள் நீதிமன்றத்தில் உதவும். கடை எரிந்தவருக்கு நஷ்டஈடு தராத வரைக்கும் அதற்கு வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. இழப்பீடு கேட்டு ரோஹிங்யா அகதிகள் 2021 டிசம்பரில் 15,000 கோடி டாலருக்கு வழக்குப் போட்டார்கள். தொகை பெரிதாக இருக்கிறதே என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இழந்தது ஒரு நாடு என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கே: தமிழில் திட்டினால் கண்டுபிடிக்கிறார்களா?
(மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி)

பொய்ச் செய்தியை வகைப்பிரிப்பதற்கு ஒதுக்கிய நேரத்தில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே போனது என்று 2021-ல் வெளியான உள் ஆவணங்கள் காட்டின. தினசரிப் பயனாளர்களில் அமெரிக்கர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மீதி உலகத்தின் அத்தனை மொழிகளுக்கும் சேர்த்து 13 சதவீதம்.

அதே ஆவணங்களில் இன்னொன்று. 2019 பிப்ரவரியில் ஒரு ஊழியர் கேரளத்தில் வசிப்பவர்போல ஒரு புதுக் கணக்கைத் தொடங்கினார். ஃபேஸ்புக் எதைப் பார்க்கச் சொன்னதோ அதை மட்டும் பார்த்தார். புல்வாமா தாக்குதல் நடந்த மாதம் அது. தன் வாழ்நாள் முழுவதும் பார்த்த பிணப் படங்களைவிட அந்த மூன்று வாரத்தில் பார்த்தது அதிகம் என்று அவர் எழுதிவைத்தார். அவர் யாரையும் திட்டவில்லை, எதையும் தேடவில்லை. சும்மா இருந்தவர் வாசலுக்குச் சுவர் தானாக வந்தது.

கே: அந்தப் படங்களை நீக்குவது கம்ப்யூட்டரா, மனிதர்களா?
(பத்தாம் வகுப்பு மாணவர், நெய்வேலி)

இரண்டும், தம்பி. கம்ப்யூட்டர் தடுமாறும் இடத்தில் மனிதர்கள். நாளெல்லாம் கழுத்தறுப்பையும் குழந்தை வதையையும் பார்த்து மனம் உடைந்த அமெரிக்க ஊழியர்களுக்கு 2020-ல் 5.2 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் பேசினார்கள். நைரோபியில் ஒப்பந்த நிறுவனம் வழியாக அதே வேலையைச் செய்தவர்கள் 2022 முதல் கென்ய நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊழியர்களே அல்ல என்பது மெட்டாவின் வாதம். மெட்டாவை அங்கே விசாரிக்கலாம் என்று கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-ல் சொல்லிவிட்டது. இந்தக் கடிதக் கட்டில் எனக்கு நம்பிக்கை தரும் தீர்ப்பு அதுதான்.

கே: என் மகளுக்கு 13 வயது. இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று அழுகிறாள். போனைப் பிடுங்கினால் சாப்பிட மறுக்கிறாள். வளர்ப்புச் சரியில்லை என்கிறார் மாமியார்.
(இல்லத்தரசி, சேலம்)

அம்மா, முதலில் மாமியாருக்குச் சொல்ல வேண்டியது. பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை நாம் மோசமாக்குகிறோம் என்று 2019-ல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்களுக்குள்ளேயே எழுதிக்கொண்டார்கள். ஏற்கெனவே அந்தக் குறை இருந்த பெண்களைப் பற்றிய கணக்கு அது. பன்னிரண்டு விஷயங்கள் கேட்டதில் பதினொன்றில் நல்லதே தெரிந்தது அல்லது தீமை இல்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதிலையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். என் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பன்னிரண்டாவதை உங்களிடம் ஏன் சொல்லவில்லை? பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படம் எடுத்து வெளியே கொண்டுவந்ததால்தான், 2021-ல் உங்களுக்கும் எனக்கும் இது தெரிந்தது.

லண்டனில் ஒரு 14 வயதுச் சிறுமி 2017-ல் இறந்தாள். இணையத்தில் அவளுக்குத் தொடர்ந்து காட்டப்பட்டவை அவள் மரணத்துக்கு ஒதுக்கிவிட முடியாத அளவில் காரணமாயின என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க செனட்டில், பிள்ளைகளின் படங்களை ஏந்தி உட்கார்ந்திருந்த பெற்றோரின் பக்கம் திரும்பி ஜக்கர்பெர்க் வருத்தம் தெரிவித்தாரே, அவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான்.

16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை போட்டிருக்கிறது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். தடை பலிக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பொறுப்பை எங்கே வைத்தார்கள் பாருங்கள், அது சரி.

போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். எந்தப் படம் அழவைத்தது என்று கேளுங்கள். சாப்பிட மறுப்பது நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள். அவள் உடம்பைப் பற்றி வீட்டில் யாரும், மாமியார் உட்பட, ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

கே: எங்கள் மாவட்டத்தில் 2018-ல் நடந்ததை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி அடித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தானே?
(விவசாயி, போளூர்)

ஆமாம். குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மாள் ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். அடித்த கையின் பாவம் அடித்த கைக்குத்தான். அதை எந்த நிறுவனத்தின் தலையிலும் நான் ஏற்றமாட்டேன்.

ஆனால் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் உயிர்கள் போன பிறகு, ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. மறு ஆண்டு உலகம் முழுவதும் அதையே கொண்டுவந்தது. ஃபார்வர்டுகள் 25 சதவீதம் குறைந்தன என்று அவர்களே சொன்னார்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கியதும், அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்தன. யாருடைய கடிதத்தையும் பிரித்துப் படிக்கவில்லை. யாருடைய வாயையும் கட்டவில்லை. வாய்க்காலின் மடையைக் கொஞ்சம் இறக்கினார்கள், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? மடையை இறக்கத் தெரிந்தவர்கள், வயல் மூழ்கும்வரை ஏன் காத்திருந்தார்கள் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கே: சட்டம் எங்கே நிற்கிறது?
(சட்டக் கல்லூரி மாணவர், சென்னை)

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் 230-ஆம் பிரிவு: பிறர் எழுதியதற்குத் தளம் பொறுப்பல்ல. 26 ஆங்கிலச் சொற்கள், அதன்மேல் எழுந்தது இத்தனை பெரிய சாம்ராஜ்யம். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு அதே குடை. குடை வேண்டும் என்பதே என் கட்சி. அது இல்லாவிட்டால், பயத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். முதலில் நீங்குவது எளியவன் பேச்சு. ஆனால் குடை தபால்காரனுக்குப் பிடித்தது. பெறுநரைத் தேடித் தேடிக் கடிதம் பொறுக்குகிறவனுக்கும் அதே குடையா?

டெல்லிக் கலவரம் பற்றி விசாரித்த சட்டமன்றக் குழு ஃபேஸ்புக்கின் இந்தியத் தலைவரை அழைத்தபோது, வரமாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூலையில் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. பிறர் எழுதியதை வெளியிடும் மேடை மட்டுமே நாங்கள் என்ற வாதத்தை அப்படியே ஏற்க முடியாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்.

அதைவிடப் பழைய ஒன்றும் உங்கள் பாடத்தில் இருக்கும். 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. போபால் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அபாயகரமான தொழில் நடத்துகிறவன் தீங்குக்கு முழுப்பொறுப்பு, கவனமாக இருந்தேன் என்ற சமாதானம் செல்லாது, நிறுவனம் எவ்வளவு பெரிதோ நஷ்டஈடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு அடுத்த ஆண்டு விதித்தது. இதை நேரே ஒரு செயலிக்குப் பொருத்த இன்றைய சட்டத்தில் இடமில்லை. பொருத்தும்படி வாதாடப்போகிற தலைமுறை உங்களுடையது. நிறுவனத்தின் அளவுக்கேற்ற தொகை என்பதை ஐரோப்பா அபராத வடிவில் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. அங்கே 4.5 கோடிப் பயனாளர் உள்ள தளங்கள் ஆண்டுதோறும் தங்களால் வரும் ஆபத்துகளைத் தாங்களே மதிப்பிட்டு, வெளித் தணிக்கைக்கும் உட்பட வேண்டும். தவறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். மெட்டாவின் 2024 வருமானத்துக்கு அது ஏறக்குறைய 1,000 கோடி டாலர்.

கே: பிரபல தொழிலதிபர் பேசுவதுபோல வந்த விளம்பரத்தை நம்பி ஓய்வூதியப் பணம் மூன்று லட்சம் போய்விட்டது. விளம்பரம் போட்டவனைப் போலீஸ் தேடுகிறது. விளம்பரத்துக்குக் காசு வாங்கியவரை யார் தேடுவது?
(மின்வாரிய ஓய்வூதியர், கும்பகோணம்)

இந்த இதழின் மிகச் சிறந்த கேள்வி உங்களுடையது. இழப்போடு வந்திருக்கிறது என்பதுதான் வேதனை.

2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி மற்றும் தடைசெய்த பொருள் விளம்பரங்களிலிருந்து வரும் என்று மெட்டா உள்ளுக்குள் மதிப்பிட்டதாக 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் ஆவணங்களோடு எழுதியது. அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்கிறது நிறுவனம். இன்னொரு விவரம் அதைவிடக் கொடுமை. மோசடிக்காரன்தான் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் வெளியேற்றம். அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் அவனிடம் கூடுதல் கட்டணம். திருடன் என்று சந்தேகம் வந்தால் வாடகையை உயர்த்தும் வீட்டுக்காரரை நம் ஊரில் என்ன சொல்வோம்?

வேறொருவர் எழுதியது என்ற குடை இங்கே நிற்காது என்பது என் கருத்து. இது காசு வாங்கிக்கொண்டு, ஓய்வூதியர்கள் யார் யார் என்று பார்த்துக் காட்டும் வியாபாரம். புகார் கொடுக்கும்போது விளம்பரத்தின் படத்தையும், அது எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் வந்தது என்பதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். பணம் போனது தெரிந்ததும் 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். இதைப் படிக்கும் மற்றவர்கள் அந்த எண்ணை இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கே: கடிவாளத்தை அரசு கையில் கொடுத்தால் எதிர்க்கட்சிக்காரன் வாயை அடைக்கத்தானே பயன்படும்?
(பத்திரிகையாளர், திருநெல்வேலி)

நியாயமான பயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69A பிரிவில் எதை முடக்கினார்கள், ஏன் முடக்கினார்கள் என்பதே ரகசியம் என்று விதி இருக்கும் நாட்டில் நாம் இருக்கிறோம். ஆனால் இப்போது கடிவாளம் யாரிடமும் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? மத்தியில் ஆளும் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மீது வெறுப்புப் பேச்சு விதியைப் பயன்படுத்த நிறுவனத்தின் இந்தியக் கொள்கை அதிகாரியே எதிர்ப்புத் தெரிவித்தார் என்று 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அடுத்த மாதம்தான் அந்த உறுப்பினரைத் தளத்திலிருந்து நீக்கினார்கள். பெரிய நிறுவனமும் பெரிய அரசும் மூடிய அறைக்குள் பேசிக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

ஆகவே எந்தப் பதிவு இருக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை அமைச்சரிடம் கொடுக்காதீர்கள். மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்களுக்குத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். எந்தப் பதிவு எவ்வளவு பரவியது என்று வெளியார் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு! உங்கள் பத்திரிகை அதைப் பற்றி ஒரு வரி எழுதியதா?

கே: நான் ஐ.டி.யில் இருக்கிறேன். என் கம்பெனியில் தவறு நடந்தால் வெளியே சொல்லலாமா?
(மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்)

மனசாட்சி சொல் என்றால் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீர்கள். சோஃபி ஜாங் என்ற ஊழியர், ஹோண்டுராஸ், அஜர்பைஜான் அரசியல்வாதிகள் போலிக் கணக்குகளால் ஆதரவைப் பெருக்கிக்காட்டுவதைக் கண்டுபிடித்தார். 2020-ல் வேலை போனது. வாயை மூடிக்கொண்டால் தருவதாகச் சொன்ன ஏறக்குறைய 64,000 டாலரை வேண்டாம் என்றார். அமெரிக்காவில் ஹாகனுக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்பு இருந்தது. நம் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்களின் தவறுகளுக்குத்தான். முதலில் ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள், பிறகு பத்திரிகை ஆசிரியரைப் பாருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

கே: என்னைப் போன்ற சாதாரண ஆள் என்ன செய்துவிட முடியும்?
(தையற்கடை உரிமையாளர், ஈரோடு)

மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர் 2011-ல், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், கொடுங்கள் என்று ஃபேஸ்புக்குக்கு எழுதினார். 1,200-க்கும் மேற்பட்ட பக்கங்கள் வந்தன. அவர் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அதில் இருந்தன. அயர்லாந்து ஒழுங்குமுறை அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அந்த வழக்குகளால் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு விவரங்களை அனுப்பும் ஒப்பந்தங்கள் 2015-லும் 2020-லும் இரண்டுமுறை நீதிமன்றத்தில் விழுந்தன. அதே சண்டையின் தொடர்ச்சியாக 2023-ல் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம்.

நீங்களும் கேட்கலாம். ஃபேஸ்புக்கின் அமைப்புகள் பகுதியில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. இறக்கிப் பாருங்கள். தவறான விளம்பரமோ மிரட்டலோ வந்தால் படம் எடுத்து வைத்து, நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்குத் தமிழிலேயே புகார் எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையா, 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். புகார் எண்ணையும் தேதியையும் கடைக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். வந்த பதிலை இந்தப் பக்கத்தில் அச்சிடுகிறேன்.